பல்லி

மூன்று மணி நேரம் போதும் என்றுதான் ஹைடியிடம் சொன்னேன்.
பிழைப்பட்டியலில் ஒன்று அசைந்தால்
குழு அரட்டையில் ஒரு வரி விழ வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
அங்கிருந்து ஒரு முகவரியை எடுத்து இங்கே ஒட்டினேன்.
இங்கிருந்து ஒரு சாவியை எடுத்து அங்கே ஒட்டினேன்.
முதல் சோதனைச் செய்தி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.
இரண்டாவது, பிறந்தநாள் அறையில் போய் விழுந்தது.
யாரோ அதற்கும் கேக் படம் போட்டார்கள்.

அறிவிப்பவருக்குப் பெயர் கேட்டது பெட்டி.
வெறுமையாக விட்டால் சிவப்புக் கோடு.
பல்லி என்று தட்டினேன்.
வினிபெக்கில் பல்லி கிடையாது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
சுவரில் ஒட்டியிருந்தது வெப்பமானி மட்டும்.
"பாலி! உன் தங்கை பெயரா?" என்றாள் ஹைடி.
தலையாட்டி வைத்தேன்.

கீழே கட்டங்கள், பதினொன்று.
புதிய பிழை, நிலை மாற்றம், கருத்து, முடிந்தது,
மறுபடி திறந்தது, பொறுப்பாளர் மாற்றம்,
இன்னும் என்னென்னவோ.
பசியோடு பந்தியில் உட்கார்ந்தவளைப் போல
எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதுவரை டெல்ஃபின்தான் எங்கள் அறிவிப்பு.
ஒரு பிழை முடிந்தால் நாற்காலியோடு உருண்டு வருவார்.
பனி அள்ளும் வண்டி வரைபடத்தில் ஏன் வடக்கே போக வேண்டியது தெற்கே போனது,
எந்தக் கழித்தல் குறியை யார் தின்றது,
நடுவில் மகளின் ஹாக்கி, நான்குக்கு மூன்று,
போகும்போது என் மேசையில் இரண்டு தட்டு.
பல்லி வந்த பிறகு நாற்காலி உருளவில்லை.
'2207 முடிந்தது. டெல்ஃபின் மக்பனுவா.'
பத்தே விநாடியில் ஐந்து கட்டைவிரல்கள்.
வேலை வேகமாகிவிட்டது என்று ஹைடி அறிக்கையில் எழுதினாள்.
பொய்யில்லை.

பிப்ரவரி, வியாழன், காலை எட்டு ஐம்பத்திரண்டு.
போர்ட்டேஜ் அவென்யூவில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது.
சன்னல் முழுக்க உறைபனி,
யாரோ நகத்தால் சுரண்டிய காசளவு வெளிச்சம்.
டக்.
'2231. பொறுப்பாளர் மாற்றம்: டெல்ஃபின் மக்பனுவா → யாருமில்லை.'
டக். டக்.
'2198. டெல்ஃபின் மக்பனுவா → யாருமில்லை.'
'2240. டெல்ஃபின் மக்பனுவா → யாருமில்லை.'
இரண்டு கையுறைகளையும் கழற்றினேன், எதற்கென்று தெரியாமல்.
முப்பத்தேழு. எண்ணினேன்.
கூட்டம் ஒன்பதரைக்குத்தான்,
நாள்காட்டியில் அதன் பெயர் 'சிறு தகவல்'.
டெல்ஃபினும் அந்த அறையில்தான் இருந்தார்,
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.
கடைசி யாருமில்லையின் மேல்
ஒரு கட்டைவிரல் முளைத்தது. அவருடையது.
பிறகு புள்ளி சாம்பல் நிறமானது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி,
காடிப் பானையில் விழுமாம் துள்ளி.
சிரிக்கத்தான் சொல்வோம் இதை.
நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

பதினொரு மணிக்கு ஹைடி வந்தாள், கண் சிவந்திருந்தது.
"பாலி அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியுமா?"
முடியும். ஒரு கட்டம், ஒரு சொடுக்கு.
எடுத்துவிட்டால் அடுத்த முறை
ஒன்பதரை வரை யாருக்கும் தெரியாது,
போகிறவருக்கும்.
மவுஸை அதன் மேல் வைத்துக்கொண்டு
எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.
எடுக்கவில்லை.

மதியத்துக்குள் அந்த முப்பத்தேழில் ஒன்பது என்னிடம் வந்தன.
'யாருமில்லை →' என்று தொடங்கி
என் பெயரை அப்பா பெயரோடு ஒன்பது தடவை சொன்னது பல்லி.
மூன்றரைக்கு இன்னொன்று:
'2207 மறுபடி திறந்தது.'
வண்டி மறுபடியும் ஆற்றுக்குள் ஓடுகிறதாம்.
போன தடவை அதை எப்படிக் கரையேற்றினார் என்று தேடினேன்.
முடிந்தது, என்றிருந்தது.
கீழே எங்கள் ஐந்து கட்டைவிரல்கள்,
அதில் முதலாவது என்னுடையது.